முறுமுறுக்காத முனிவர்: புனித யோசேவாஸின் வாழ்வு கற்பிக்கும் நன்றியுணர்வு

எமது கல்விக்கூடம் நூறு ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், மலருக்கு ஒரு புனிதரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு பழைய மாணவியர் சங்கத்தார் கேட்டுக்கொண்டார்கள். யாரைப் பற்றி எழுதுவது என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. நூற்றாண்டு என்பது நன்றி செலுத்தும் காலம். நன்றியைத் தன் வாழ்நாள் முழுவதற்கும் தொழிலாகக் கொண்ட ஒருவர், எங்கள் நாட்டுக்கு, அதுவும் எங்கள் யாழ்ப்பாணத்துக்கு, வந்து வாழ்ந்திருக்கிறார். அவர்தான் இலங்கையின் அப்போஸ்தலர் என அழைக்கப்படும் புனித யோசேவாஸ் முனிவர்.

தீவகத்து மக்களாகிய எங்களுக்குக் குறை சொல்வதற்குக் காரணங்கள் என்றுமே குறைந்ததில்லை. கிணற்றுத் தண்ணீர் உவர். குடிதண்ணீருக்குப் பவுசரைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்குப் போகப் பாதைக்குக் காத்திருக்க வேண்டும். நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் போகிறவர்கள் குறிகட்டுவான் துறையில் காற்றையும் கடலையும் பார்த்து நிற்க வேண்டும். வருத்தக்காரர் ஒருவரை யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது எத்தனை பாடு என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். இவற்றுக்கு மேலாக யுத்தம் தந்த இழப்புகள். ஆகவே, எங்கள் வீட்டுப் பேச்சில் முறைப்பாடு உப்பைப் போலக் கலந்துவிட்டது. அது சிறிதளவு இருந்தால் பாதகமில்லை; கூடிவிட்டால் சோறு முழுவதும் கைத்துப்போகும்.

இந்தக் கைப்பை யோசேவாஸ் முனிவர் எவ்வாறு வென்றார் என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அவர் வந்த காலம்

முனிவரின் பெருமையை அறிய, அவர் வந்த காலத்தின் இருளை முதலில் அறிய வேண்டும். 1658ஆம் ஆண்டு ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் கடலின் நடுவே நிற்கும் கடற்கோட்டையை இன்றும் காண்கிறோம். அதற்குள் இருந்த போர்த்துக்கேயர் குடிக்கத் தண்ணீரின்றிச் சரணடைந்தார்கள் என்பது வரலாறு. தண்ணீர்க் கஷ்டம் எங்கள் தீவுகளுக்குப் புதிதல்ல.

வெற்றி பெற்ற ஒல்லாந்தர் எங்கள் தீவுகளின் பெயர்களையே மாற்றினார்கள். காரைதீவு அம்ஸ்ரர்டாம் ஆயிற்று. ஊர்காவற்றுறையும் வேலணையும் அடங்கிய தீவு லெய்டன் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க், அனலைதீவு றொட்டர்டாம், நயினாதீவு ஹார்லெம், நெடுந்தீவு டெல்வ்ற் எனப்பட்டன. இவற்றுள் நெடுந்தீவின் ஒல்லாந்தப் பெயர் மட்டுமே இன்றும் வழங்குகிறது.

பெயரோடு வழிபாட்டையும் மாற்ற முயன்றார்கள். கத்தோலிக்கக் குருமார் நாடுகடத்தப்பட்டனர். ஆலயங்கள் ஒல்லாந்தச் சபையின் கோவில்களாகவும் பள்ளிக்கூடங்களாகவும் மாற்றப்பட்டன. கத்தோலிக்கக் குரு ஒருவரை வீட்டில் ஒளித்துவைப்பது கடுந்தண்டனைக்குரிய குற்றமாயிற்று. மாந்தையிலிருந்த கத்தோலிக்கர் தங்கள் மாதாவின் திருச்சுருபத்தை எடுத்துக்கொண்டு 1670ஆம் ஆண்டளவில் காட்டுக்குள் ஓடினார்கள். அதுவே இன்றைய மருதமடுத் திருத்தலத்தின் தொடக்கம். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இந்த மக்கள் குருவானவர் இன்றியே பிறந்தார்கள், மணமுடித்தார்கள், இறந்தார்கள். பூசை என்பது பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லும் பழங்கதை போலாயிற்று.

கோவையில் ஓர் அடிமைச் சாசனம்

யோசேவாஸ் 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள், கோவையைச் சேர்ந்த பெனோலிம் என்ற ஊரில், தாயாரின் இல்லத்தில் பிறந்தார். தந்தையாரின் ஊர் சங்கோலே. கொங்கணி பேசும் பிராமண வழிவந்த கத்தோலிக்கக் குடும்பம். 1676ஆம் ஆண்டு குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார்.

அடுத்த ஆண்டு, 1677 ஓகஸ்ட் 5ஆம் நாள், இருபத்தாறு வயது இளங்குருவாகிய அவர் ஒரு சாசனம் எழுதிக் கையொப்பமிட்டார். தன்னைத் தேவமாதாவுக்கு நிரந்தர அடிமையாக எழுதிக்கொடுத்த பத்திரம் அது. இக்கால வாசகருக்கு அடிமை என்ற சொல் கசக்கலாம். அதன் பொருளைச் சற்று எண்ணிப் பார்ப்போம். தனக்கென ஒன்றுமில்லை என்று முன்கூட்டியே எழுதிக்கொடுத்தவரிடமிருந்து யார் எதைப் பறிக்க முடியும்? எனக்கு உரியது எனக்குக் கிடைக்கவில்லை என்ற எண்ணத்திலிருந்துதான் முறுமுறுப்பு பிறக்கிறது. எனக்கு உரியது என்று எதுவுமே இல்லை, கிடைப்பதெல்லாம் கொடை என்று எண்ணுகிறவருக்கு ஒரு மிடறு தண்ணீரும் பரிசாகத் தோன்றும். அவருடைய நன்றியுணர்வின் வேர் இந்தச் சாசனத்தில் இருக்கிறது.

முறைப்பாடு செய்ய அவருக்கும் காரணம் இருந்தது. அக்காலத்தில் கோவையிலிருந்த ஐரோப்பியத் துறவற சபைகள் இந்தியக் குருமாரைத் தங்கள் சபைகளில் சேர்ப்பதில்லை. எவ்வளவு கற்றிருந்தாலும், எவ்வளவு பக்தியாக வாழ்ந்தாலும், பிறப்பும் நிறமும் தடையாக நின்றன. அவர் தன்னைப் போன்ற உள்ளூர்க் குருமார் சிலரோடு சேர்ந்து செபத்திலும் பணியிலும் வாழத் தொடங்கினார். அக்குழுவே 1685ஆம் ஆண்டு புனித பிலிப்பு நேரியாரின் ஒறற்றோரியன் சபை முறையை ஏற்றுக்கொண்டது. முழுவதும் இந்தியக் குருமாரைக் கொண்டு உருவான துறவறக் குழு அது.

அதற்கு முன் 1681 முதல் 1684 வரை கன்னட நாட்டின் கரையோரத்தில், மங்களூர், கங்கொள்ளி முதலிய இடங்களில் பணிபுரிந்தார். அங்கே திருச்சபை அதிகாரிகளுக்கிடையே நிலவிய பிணக்கில் அகப்பட்டு மனவருத்தங்களைச் சந்தித்தார். எவருடனும் கட்சி கட்டாமல், இருந்தவர்களுக்கு அருட்சாதனங்களை வழங்கிவிட்டுத் திரும்பினார். ஆனால் அவருடைய மனம் முழுவதும் குருவற்ற இலங்கையிலேயே இருந்தது.

கஞ்சி வார்த்த பெண்

இலங்கைக்கு ஐரோப்பியக் குரு ஒருவர் வந்தால் நிறமே காட்டிக்கொடுத்துவிடும். ஓர் இந்தியர் வந்தால், ஆயிரம் கூலிக்காரருள் ஒருவராக மறைந்துவிடலாம். கோவையில் எந்த நிறம் சபைகளின் கதவை அவருக்கு மூடியதோ, அதே நிறம் இலங்கையின் கதவை அவருக்குத் திறந்தது. தடையாகத் தோன்றியதைக் கடவுள் வழியாக மாற்றுவார் என்பதற்கு இதைவிட வேறு சாட்சியம் வேண்டுமா?

1686ஆம் ஆண்டு, யோவான் என்ற பணியாளரோடு கோவையை விட்டுப் புறப்பட்டார். தூத்துக்குடி வரை வந்து, குருவின் அங்கியைக் களைந்து, கூலிக்காரரின் உடையை அணிந்துகொண்டார். 1687ஆம் ஆண்டு கப்பலேறினார். புயலிலும் பசியிலும் தாகத்திலும் அடிபட்ட அந்தப் பயணம் மன்னார் வழியாக யாழ்ப்பாணத்தில் முடிந்தது. இறங்கும்போது இருவரும் எலும்பும் தோலுமாக இருந்தார்கள்.

வந்த இடத்தில் அவருக்குக் கடுமையான வயிற்றுளைவு கண்டது. தெருவோரம் கிடந்த பிச்சைக்காரனை யார் பார்ப்பார்? தொற்றுநோயாக இருக்குமோ என்று பயந்த ஊரவர்கள் அவரைக் குடிமனைகளுக்கு அப்பால், பற்றைக்காட்டுப் பக்கமாகக் கொண்டுபோய் விட்டார்கள். யோவானும் நோயில் விழுந்தார். இலங்கைக்கு நற்செய்தி கொண்டு வந்தவர், ஒரு ஆத்துமாவையும் சந்திக்காமலே காட்டோரத்தில் இறந்துபோகும் நிலைமை.

அந்த வேளையில் ஒரு பெண் வந்தாள். நோய்க்கும் ஊராரின் பேச்சுக்கும் அஞ்சாமல், நாளாந்தம் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள். அவளுடைய பெயரை வரலாறு எழுதிவைக்கவில்லை. எந்த ஊர், எந்தக் குலம், எந்தச் சமயம் என்பதும் எங்களுக்குத் தெரியாது. தான் காப்பாற்றியது ஒரு குருவை என்றும், பின்னாளில் ஒரு புனிதரை என்றும் அவள் அறிந்திருக்க நியாயமில்லை. பசித்தவனுக்குக் கஞ்சி வார்த்தாள், அவ்வளவுதான். எங்கள் நாட்டுத் திருச்சபை மீண்டும் எழுந்ததற்குப் பின்னால் யாழ்ப்பாணத்துப் பெண்ணொருத்தியின் கஞ்சிக் கலயம் இருக்கிறது என்பதைப் பெண்கள் பாடசாலையின் மலரொன்றில் பெருமையோடு எழுதத்தான் வேண்டும்.

கழுத்தில் செபமாலை

நோய் தெளிந்ததும் அவர் கழுத்தில் ஒரு பெரிய செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சைக்குப் போனார். பிச்சை ஒரு சாட்டு. செபமாலையைக் கண்டதும் யாருடைய முகம் மாறுகிறது என்பதைக் கவனிப்பதே உண்மையான நோக்கம். அவ்வாறு ஒரு குடும்பத்தாரின் கண்களில் ஒளியைக் கண்டார். மெல்லப் பேசிப் பார்த்து, தான் குரு என்பதை வெளியிட்டார். முப்பது ஆண்டுகளாகக் குருவைக் காணாதவர்களின் நிலை அப்போது எப்படி இருந்திருக்கும்!

பாதுகாப்புக்காக அவரைச் சில்லாலைக்கு அழைத்துச் சென்றார்கள். விசுவாசத்தில் உறுதியான அவ்வூரை நிலையமாகக் கொண்டு, பகலில் ஒளிந்தும் இரவில் நடந்தும் குடாநாட்டின் ஊர்களுக்குப் போய்வந்தார். தமிழைக் கற்றார். நள்ளிரவில் ஏதேனும் ஒரு வீட்டின் உள்ளறையில் பூசை நடக்கும். விடியுமுன் எல்லோரும் பிரிந்துவிடுவார்கள்.

பூசைக்கு ஆதித் திருச்சபை வழங்கிய கிரேக்கப் பெயரின் பொருள் நன்றி செலுத்துதல் என்பதாகும். அதையே நாம் நற்கருணை என்கிறோம். வெளியே காவற்காரர் சுற்றிவர, உள்ளே கதவை அடைத்துக்கொண்டு, தண்டனைக்குப் பயந்து நடுங்கும் மக்கள் செய்த முதற்காரியம் நன்றி செலுத்தியதே. பயம் தீர்ந்த பிறகு நன்றி சொல்வோம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

அந்த நத்தார் இரவு

1689ஆம் ஆண்டு நத்தார்த் திருவிழா இரவில், யாழ்ப்பாணத்தில் கத்தோலிக்கர் பூசைக்காகக் கூடியிருந்த வீடுகளை ஒல்லாந்தர் சுற்றிவளைத்தார்கள். ஏறத்தாழ முந்நூறு பேர் பிடிபட்டார்கள். பலர் அடித்து அவமதிக்கப்பட்டார்கள். சிலர் கோட்டையில் கடூழியத்துக்கு இடப்பட்டார்கள். ஒல்லாந்தச் சபையை விட்டுக் கத்தோலிக்கராகியிருந்த பேதுரு என்பவர் கசையடியால் உயிர்விட்டார். முனிவர் மட்டும் அகப்படவில்லை.

தான் தப்பிவிட, தன்னை நம்பிய மக்கள் அடிபடுவதைக் கேட்பது எவ்வளவு பெரிய வேதனை! கடவுளே, உமது வேலையைச் செய்ய வந்த எனக்கு ஏன் இந்தப் பலன் என்று கேட்டுச் சோர்ந்துபோக அவருக்கு முழு நியாயமும் இருந்தது. அவர் மக்களுக்காக அழுதார், செபித்தார். தன் இருப்பு அவர்களுக்கு மேலும் ஆபத்தாகிவிடும் என்று கண்டு புத்தளத்துக்குப் போனார். கண்டி அரசனின் ஆளுகைக்குட்பட்டிருந்த அப்பகுதியில் ஒல்லாந்தரின் கை எட்டவில்லை. அடைத்த கதவுக்கு முன்னால் உட்கார்ந்து அழுவதை விட்டு, திறந்த கதவைத் தேடி நடப்பது அவருடைய வழக்கம்.

சிறைக்கூடம் பள்ளிக்கூடமாயிற்று

1692ஆம் ஆண்டு கண்டிக்குச் சென்றார். அங்கே போர்த்துக்கேயரின் ஒற்றர் என்று பொய்க் குற்றச்சாட்டுச் சுமத்தப்பட்டு, இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனின் காவலில் வைக்கப்பட்டார். யோவானும் அவருடன் சிறைப்பட்டார். குற்றமற்ற ஒருவர் சிறையில் என்ன செய்வார்? நாள்களை எண்ணுவார், தன்னைக் காட்டிக்கொடுத்தவரைச் சபிப்பார். முனிவரோ சிங்களம் படிக்கத் தொடங்கினார். இலங்கை முழுவதற்கும் பணி செய்ய அவருக்குச் சிங்கள மொழி தேவையாயிருந்தது. ஓடித்திரிந்த காலத்தில் அதைக் கற்க நேரமிருக்கவில்லை. சிறை அந்த நேரத்தைக் கொடுத்தது.

காவல் மெல்லமெல்லத் தளர்ந்தது. ஓலைக் குடிலொன்றில் பூசை செய்ய இடங்கிடைத்தது. கண்டியிலிருந்த கத்தோலிக்கர் ஒருவர் இருவராக வரத் தொடங்கினர். பின்னர் கண்டியில் பெரும் வரட்சி ஏற்பட்டபோது, அவர் திறந்த வெளியில் பீடம் அமைத்துச் சிலுவையின் முன் முழந்தாளிட்டுச் செபித்தார் என்றும், மழை பொழிந்தது என்றும், அதனால் மன்னன் அவருக்குப் பணிசெய்யும் சுதந்திரத்தை அளித்தான் என்றும் அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் கூறுகிறார்கள். மழைக்காக வானத்தைப் பார்த்தே வாழும் தீவக மக்களாகிய எங்களுக்கு அந்தச் செபத்தின் அருமை தெரியும்.

பட்ட கடனைத் தீர்த்த இடம்

1697ஆம் ஆண்டு கண்டியில் பெரியம்மை பரவியது. மன்னனும் பிரதானிகளும் நகரை விட்டு நீங்கினார்கள். நோயாளிகளைக் குடும்பத்தவர்களே காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். பயம் மனிதரை எப்படி மாற்றும் என்பதற்கு அது சாட்சி.

அப்போது முனிவரும், கோவையிலிருந்து வந்து சேர்ந்திருந்த அவருடைய மருமகனான யோசேப் கர்வாலியு குருவும் அந்தக் காடுகளுக்குப் போனார்கள். கைவிடப்பட்டவர்களுக்குக் குடில் அமைத்தார்கள். உணவும் தண்ணீரும் கொடுத்தார்கள், புண்களைக் கழுவினார்கள், இறந்தவர்களை அடக்கம் செய்தார்கள். வெறுமையாகக் கிடந்த வீடுகளை நோயாளர் விடுதிகளாக்கினார்கள். சமயம், குலம், மொழி என்று எதையும் பார்க்கவில்லை. அதைக் கண்ட கண்டி மக்களும் மன்னனும் அவர்மேல் கொண்ட மதிப்பு அதன்பின் குறையவேயில்லை.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். பத்து ஆண்டுகளுக்கு முன்பு யாழ்ப்பாணத்தில், தொற்றுநோய்ப் பயத்தால் காட்டோரத்தில் விடப்பட்ட நோயாளி யார்? இதே யோசேவாஸ்தான். அப்போது ஒரு பெண் பயப்படாமல் அவரிடம் வந்தாள். இப்போது அவர் பயப்படாமல் மற்றவர்களிடம் போகிறார். அந்தப் பெண்ணுக்குக் கைம்மாறு செய்ய அவருக்கு வாய்ப்புக் கிடைத்ததோ என்னவோ. ஆனால் பெற்ற கஞ்சியின் கடனை அவளைப் போல் ஒருவரைத் தேடித் திருப்பிக் கொடுக்காமல், தன்னைப் போல் கிடந்தவர்களைத் தேடித் திருப்பிக் கொடுத்தார்.

ஊரார் கைவிட்டதை அவர் நினைவில் வைத்திருந்தால் மனம் கைத்துப்போயிருக்கும். கஞ்சி தந்ததை நினைவில் வைத்திருந்ததால் கைகள் திறந்தன. நடந்தவை இரண்டும் உண்மை. எதை நினைவில் பேணி வளர்ப்பது என்பது அவரவர் தெரிவு. நன்றியுணர்வு என்பது இந்தத் தெரிவுதான்.

முறுமுறுப்பும் முறையீடும்

அப்படியானால் கிறிஸ்தவர்கள் வாயை மூடிக்கொண்டு எல்லா அநியாயத்தையும் சகித்திருக்க வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. முனிவரின் வாழ்வே அதற்கு மறுமொழி தருகிறது.

அவர் மௌனமாக இருந்தவரல்லர். இலங்கை மக்களின் துன்பங்களை விவரித்தும், மேலும் குருமாரை அனுப்புமாறு வேண்டியும் கோவைக்கு மீண்டும் மீண்டும் கடிதம் எழுதினார். மன்னனிடம் அனுமதி கேட்டார். அந்தக் கடிதங்களின் பயனாகக் குருமார் ஒவ்வொருவராக வந்தார்கள். 1705ஆம் ஆண்டு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் குருவானவர் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய நூல்கள் எங்கள் நாட்டுக் கத்தோலிக்க இலக்கியத்தின் அடித்தளமாயின.

ஆகவே, முறுமுறுப்பு வேறு, முறையீடு வேறு. பாலைவனத்தில் இஸ்ராயேலர் முறுமுறுத்தார்கள். வானத்திலிருந்து மன்னா விழுந்துகொண்டிருக்க, எகிப்தில் தின்ற வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் நினைத்து அழுதார்கள். அடிமைத்தனம் மறந்துபோயிற்று, வெங்காயம் மட்டும் நினைவில் நின்றது. சங்கீத ஆசிரியரோ முறையிட்டார். துன்பத்தைக் கடவுளின் முகத்துக்கு முன்னே கொட்டினார். முடிவில் அவரையே நம்பினார். முறுமுறுப்பவர் கேட்கக்கூடியவரிடம் சொல்லாமல், அயலாரிடம் சொல்லிக்கொண்டிருப்பார். முறையிடுகிறவர் உரியவரிடம் போய்ச் சொல்லுவார். சொல்லிவிட்டு எழுந்து வேலையைப் பார்ப்பார்.

எங்கள் தீவகத்துக்கு இது மிக அவசியமான பாடம். 1985ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் குமுதினிப் படகில் பலியானவர்களை நினைத்து நெடுந்தீவு அழுவது முறுமுறுப்பு அன்று. 1990ஆம், 1991ஆம் ஆண்டுகளில் வீடுவாசலையும் ஆலயங்களையும் விட்டுப் பண்ணைக் கடலைக் கடந்தும் வள்ளங்களில் ஏறியும் ஓடியவர்கள் தங்கள் காணியைக் கேட்பது முறுமுறுப்பு அன்று. நியாயம் கேட்பதும் இறந்தவர்க்காக அழுவதும் எங்கள் கடமை. நடந்த கொடுமைக்கு நன்றி சொல்லும்படி எந்தப் புனிதரும் எமக்குக் கற்பிக்கவில்லை. முனிவரும் அந்த நத்தார் இரவின் கசையடிக்கு நன்றி சொல்லவில்லை; அடிபட்ட மக்களின் உறுதிக்காகவே நன்றி சொல்லியிருப்பார்.

இடம்பெயர்ந்து எங்கெங்கோ இருந்த நாள்களை நினைத்துப் பாருங்கள். தன் பிள்ளைகளுக்கே போதாத சோற்றில் ஒரு கையளவை எங்களுக்குத் தந்த வீட்டுக்காரம்மா ஒருவர் இருந்திருப்பார். மரத்தடியில் வகுப்பு வைத்த ஆசிரியை ஒருவர் இருந்திருப்பார். குழந்தைக்குப் பால்மா தேடித் தந்த முகந்தெரியாத ஒருவர் இருந்திருப்பார். இழந்ததைக் கணக்கெடுத்திருக்கிறோம்; அது சரி. பெற்றதைக் கணக்கெடுத்தோமா? பத்துத் தொழுநோயாளர் குணமடைய, திரும்பி வந்து நன்றி சொன்னவர் ஒருவரே. அவரும் அந்நியரான சமாரியர். மற்ற ஒன்பது பேரில் நாம் இருக்கக்கூடாது.

இறுதி நாள்கள்

முனிவரின் புகழ் உரோமாபுரி வரை எட்டியது. அவரை உயர்ந்த திருச்சபைப் பதவியில் அமர்த்தும் முயற்சி எடுக்கப்பட்டபோது, தனக்கு அது வேண்டாமென்று விலகிக்கொண்டார். தொடர்ந்த நடையும் நோயும் உடலைத் தின்றன. இலங்கைக்கு வந்தபின் ஒரு முறையேனும் கோவைக்குத் திரும்பி உறவினரைக் காண அவர் போகவில்லை. 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள், ஐம்பத்தொன்பது வயதில், கண்டியில் உயிர்நீத்தார்.

அவரது கல்லறை இருந்த இடம் பின்னர் அடையாளமற்றுப் போயிற்று. கஞ்சி வார்த்த பெண்ணுக்குப் பெயரில்லை. கஞ்சி குடித்த முனிவருக்குக் கல்லறை இல்லை. ஆனால் இருவரும் செய்த காரியம் நிற்கிறது.

1995ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் நாள், பரிசுத்த பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் கொழும்பில் அவரை அருளாளராகப் பிரகடனம் செய்தார். 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள், பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக உயர்த்தினார். அன்றைய தினமே மருதமடுவுக்கும் சென்று, யுத்தத்தால் துன்புற்ற தமிழ், சிங்கள மக்களோடு செபித்தார். தமிழையும் சிங்களத்தையும் கற்று இரு மக்களுக்கும் பணிசெய்த புனிதருக்கு அது பொருத்தமான மரியாதை.

பழைய மாணவியராகிய எங்களுக்கு

நூற்றாண்டு விழாவில் நாம் கூடும்போது குறைகளும் பேசப்படும். கட்டடம் போதாது, ஆசிரியர் போதாது, பிள்ளைகளின் தொகை குறைந்துவிட்டது, வெளிநாடு போனவர்கள் மறந்துவிட்டார்கள் என்றெல்லாம் சொல்லுவோம். சொல்ல வேண்டியவற்றை உரியவர்களிடம் சொல்லுவோம். மனு எழுத வேண்டுமானால் எழுதுவோம். முனிவரும் எழுதினார்.

அதற்கு முன் ஒவ்வொருவரும் தனக்குக் கஞ்சி வார்த்தவர் யார் என்று எண்ணிப் பார்ப்போம். பெயர்ப் பலகையில் இடம்பெற்ற அதிபர்களும் கன்னியரும் மட்டுமல்லர். மணி அடித்தவர், முற்றம் கூட்டியவர், மதியம் சாப்பாடு கொண்டுவராத பிள்ளையைக் கண்டு தன் பார்சலைப் பிரித்துப் பகிர்ந்த தோழி, கட்டணம் கட்ட இயலாதிருந்தபோது ஒன்றும் கேட்காமல் புத்தகத்தில் அடையாளம் இட்ட ஆசிரியை ஆகியோரும் இருக்கிறார்கள். அவர்களுள் பலருக்கு இனி நேரில் நன்றி சொல்ல முடியாது. முனிவர் காட்டிய வழி எங்களுக்கு இருக்கிறது. அன்று நாம் இருந்த நிலையில் இன்று யார் இருக்கிறார்கள் என்று தேடிப் போவோம். இன்றும் எங்கள் தீவுகளில் காலைச் சாப்பாடு இல்லாமல் பள்ளிக்கூடம் வரும் பிள்ளை இருக்கிறாள். பிள்ளைகள் கடல்கடந்துபோக, தனித்த வீட்டில் இருக்கும் வயோதிபத் தாய் இருக்கிறாள்.

இரவு செபமாலை சொல்லி முடித்தபின், அன்றைய நாளில் பெற்ற ஒன்றையும், நாளைக்குக் கொடுக்க வேண்டிய ஒன்றையும் மனதில் வைத்து உறங்கப் போகும் பழக்கத்தை இந்த நூற்றாண்டு ஆண்டிலேயே தொடங்குவோம். புனித யோசேவாஸ் முனிவர் எங்களுக்காக வேண்டிக்கொள்வாராக.